சைலன்சரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீட்டரைப் பாருங்கள்

வண்டிப்பெரியாரில் காலை ஆறு மணி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தேயிலைக்காடு தெரியாத அளவுக்கு மஞ்சு. என் அக்கா மகன், அவனுக்கு வாங்கலாமா என்று பார்க்க வந்த அந்தப் பழைய மாருதி ஆம்னி வேனை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, 54 ஆயிரந்தான் ஓடியிருக்கு" என்றான், புதையல் கண்டவன் மாதிரி. நான் குனிந்து சைலன்சர் குழாயைப் புறங்கையால் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற வண்டிக்குச் சைலன்சர் எப்படிச் சுடும்? நாங்கள் வருவதற்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டு அணைத்திருக்கிறார்கள். வண்டி ஓனரிடம், "சேட்டா, நாளைக்கு இதே நேரம் வர்றேன். நான் வந்தப்புறம் சாவி போடுங்க" என்றேன். அவர், "வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல அண்ணா" என்றார். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. எனக்கு அந்த நிமிஷம் தமிழ்க் குழப்பமும் மலையாளக் குழப்பமும் சேர்ந்தே இருந்தன. டீயைக் குடித்துவிட்டு எங்கள் தேனி மாவட்டக் கூடலூருக்கு இறங்கிவிட்டோம். வழியெல்லாம் மாப்பிள்ளை என்னோடு பேசவில்லை.

நான் கூடலூரிலிருந்து மலைக்கு, ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. இதுவரை ஐந்து பழைய வண்டி வாங்கியிருக்கிறேன். முதல் வண்டியில் நன்றாக ஏமாந்தேன். மீட்டரில் 61 ஆயிரம் காட்டிய ஆம்னி அது. வாங்கி மூன்று வாரம் கழித்து, கழுவுவதற்காகத் தரை ரப்பரை உரித்தபோது அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு ஆயில் மாற்றிய அட்டை கிடந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அதில் பேனாவால் எழுதியிருந்த கிலோமீட்டர் 1,12,000. அந்த வண்டி அறுநூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் சாப்பிட்டது. சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து, பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் ரிங் எல்லாம் மாற்றி முடிக்கும்வரை அந்த சீசன் சம்பாத்தியம் முழுக்கப் பட்டறைக்குப் போனது.

அதிலிருந்து மீட்டரைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். வண்டியில் தேய்கிற பொருள் எத்தனையோ இருக்கிறது. அத்தனையையும் ஒருவரால் மாற்றி வைக்க முடியாது. ஒன்று சொல்வதை இன்னொன்று ஆமோதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கே முரண்படுகிறதோ அங்கே விரலை வைத்துக் கேட்க வேண்டும்.

மறுநாள் போனோம். சைலன்சர் பனிக்கட்டி போல இருந்தது. சேட்டன் சிரித்தார், நானும் சிரித்தேன்.

சாவி போடுவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டியவை உண்டு. ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் 796 சிசி, மூன்று சிலிண்டர், அவ்வளவுதான். முதலில் டிப்ஸ்டிக், ஆயில் அளவு பார்க்கிற கம்பி. பெட்ரோல் வண்டி ஆயில் கொஞ்சம் கறுத்திருந்தால் பயமில்லை. தேன் மாதிரி பளபளவென்று, அதுவும் மேல்கோட்டைத் தாண்டி நின்றால்தான் சந்தேகம். நேற்று மாற்றிய ஆயில் அது. விரலில் தொட்டு இழுத்துப் பாருங்கள். கம்பி கம்பியாக நீண்டால் சத்தத்தை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் ஆயில் மூடி. அதன் அடியில் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட் (என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். நம் பக்கத்து மலையில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குமுளி, வண்டிப்பெரியார், பீர்மேடு மாதிரி ஈரமும் குளிரும் உள்ள ஊரில் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்துகிற வண்டிக்கு மூடியில் கொஞ்சம் வெண்ணெய் சேரத்தான் செய்யும். என்ஜின் முழுசாகச் சூடாகாததால் உள்ளே வியர்க்கிற நீர் அது. டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்திருந்தால், அப்போது கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். இந்த வண்டியில் மூடியில் மட்டும் லேசாக இருந்தது, டிப்ஸ்டிக் சுத்தம்.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். சூட்டில் திறந்து முகத்தை வேகவைத்துக் கொண்டவரை எனக்குத் தெரியும். உள்ளே பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இருந்தால் பராமரித்த வண்டி. துருத்தண்ணி இருந்தால் வெறும் குழாய்த் தண்ணி ஊற்றி ஓட்டிய வண்டி. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

சரி, இப்போது சாவி. பாதி திருப்பியதும் ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பல்ப் போயிருக்கும், இல்லையென்றால் யாரோ வயரைக் கழற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் ஆன ஓரிரு விநாடியில் அது அணைய வேண்டும். இதையே ஒரு மணி நேரம் ஓட்டி, சூடான என்ஜின் மெதுவாக ஐடிலில் நிற்கும்போது இன்னொரு தடவை பாருங்கள். அப்போது விளக்கு மினுக் மினுக் என்றால் பேரிங் தேய்ந்து ஆயில் அழுத்தம் நிற்கவில்லை, அல்லது ஆயில் பம்ப் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஸ்டார்ட் பண்ணுகிற ஆள் வேறு, பின்னால் நிற்கிற ஆள் வேறாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையைப் பின்னால் நிறுத்தினேன். வெள்ளையாக வந்தது என்று பதறினான். அந்தக் குளிரில் என் வாயிலிருந்தே வெள்ளையாகத்தான் வந்தது. வெறும் நீராவி, நாலைந்து நிமிடத்தில் நிற்கும். வண்டி சூடான பிறகும் வெள்ளைப்புகை விடாமல் வந்து, லேசாக இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. கறுப்புப்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. அது ஏர் ஃபில்டர் வேலை, இல்லையென்றால் இன்ஜெக்டர், சென்சர் வேலை, நீலத்தைவிடச் சின்னச் செலவுதான். நீலம்தான் பெரிய செலவு. நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு குப்பென்று நீலம் வந்து நின்றுவிட்டால் வால்வில் ஆயிலைத் தடுக்கும் சீல் போயிருக்கிறது. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க நீலம் வந்துகொண்டே இருந்தால் ரிங். குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துண்டைப் பிடித்து இரண்டு தடவை ரேஸ் பண்ணுங்கள். துண்டில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத நீலத்தையும் அது காட்டிக் கொடுக்கும்.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன். பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். ரிங் தேய்ந்த என்ஜினில் மேலே வெடிக்கிற காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி, மூடி ஓட்டை வழியாகப் புகையாகக் குபுக் குபுக்கென்று வரும். இதில் கொஞ்சம் வந்தது. கையில் அடிக்கிற அளவுக்கு இல்லை, அடியோடு இல்லாமலும் இல்லை.

காதுக்கும் வேலை உண்டு. நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜின் மேல் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் டாக்டர் குழாய் மாதிரி. மேலே டிக்டிக் என்றால் டாப்பெட் (வால்வு இடைவெளி), அட்ஜஸ்ட் பண்ணினால் போகும். அடியில், ஆக்சிலேட்டரைத் தட்டிவிடும்போது டொக் டொக் என்று கனத்த சத்தம் வந்தால் கிராங்க் பேரிங். அதற்கு விலை பேசாதீர்கள், வண்டியையே விட்டுவிடுங்கள்.

இனி மலை. நமக்குக் கிடைத்த கொடுப்பினை இது. சமவெளிக்காரன் இப்படி ஒரு சோதனைச்சாலைக்கு எங்கே போவான்? குமுளியில் இருந்து மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை இறக்கம், கொண்டை ஊசி வளைவுகள். முதலில் இறங்க வேண்டும். இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, என்ஜின் பிடியிலேயே மாதா கோவில் வளைவு தாண்டி விட்டேன். மாப்பிள்ளை என் பைக்கில் பின்னால் வந்தான். ஒரு நீண்ட இறக்கம் முடிந்து மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் அவன் பார்க்க வேண்டும். இறக்கத்தில் என்ஜின் உறிஞ்சும்போது வால்வு கைடு வழியாக ஆயில் உள்ளே போயிருந்தால் மிதித்ததும் நீலமாகக் கக்கும். லேசாக வந்தது என்றான். "எவ்ளோடா லேசு?" "சாம்பிராணி அளவு மாமா."

லோயர் கேம்பில் மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களுக்குக் கீழே வண்டியைத் திருப்பி ஏற்றத்தில் விட்டேன். ஏற்றத்தில் மூன்று விஷயம் ஒரே நேரத்தில் தெரியும். சூட்டு முள் பாதியில் நிற்கிறதா, மேலே நகர்கிறதா? மூன்றாம் கியரில் இழுக்கச் சொல்லி மிதித்தால் என்ஜின் மட்டும் கத்தி வண்டி வேகம் எடுக்காமல் நின்றால் கிளட்ச் பிளேட் ஸ்லிப். இழுவையே இல்லாமல் திணறினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், குறைவு. முள் பாதியைத் தாண்டவில்லை. கிளட்ச் பிடித்தது. இரைச்சல் பாலம் தாண்டி ஒரு வளைவில் மட்டும் லேசாக மிஸ்ஸிங் அடித்தது, என்ஜின் துடிப்பு விட்டு விட்டு வந்தது. மூன்றில் ஒரு சிலிண்டர் சோம்பலாக இருக்கிறது என்று அங்கேயே தோன்றிவிட்டது.

சபரிமலை மண்டல காலத்தில் மட்டும் இந்தச் சோதனைக்கு வராதீர்கள். கூட்டம் கூடினால் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். உங்கள் பின்னால் முப்பது வேன் சரண கோஷத்தோடு நிற்கும்போது புகையின் நிறம் பார்க்க முடியாது.

இனிமேல்தான் மீட்டர். பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

பிரேக் பெடல் ரப்பர் புத்தம் புதிது. 54 ஆயிரம் ஓடிய வண்டிக்கு ரப்பர் மாற்ற வேண்டிய தேவையே வந்திருக்காது. அது புதுசாக இருப்பதுதான் துப்பு. பக்கத்தில் ஆக்சிலேட்டர் பெடலை மறந்துவிட்டார்கள், அது வலது ஓரத்தில் வழுவழுவென்று சாய்ந்து தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்குக்குப் புது உறை. உறையின் தையலைக் கொஞ்சம் விலக்கினால் அடியில் பிளாஸ்டிக் கண்ணாடி போல மின்னியது. டிரைவர் கதவைப் பாதி திறந்து தூக்கிப் பார்த்தால் கீலில் ஆட்டம். மீட்டர் பெட்டியின் ஸ்குரூ தலைகளில் புதுக் கீறல்.

டயர் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் வருடத்தின் 35-ஆவது வாரம் தயாரானது. வண்டி 2011 மாடல். மாற்றாத ஸ்டெப்னி டயரின் தேதியையும், ஓடுகிற டயரின் தேதியையும் பார்த்தால் எத்தனை செட் போயிருக்கும் என்று ஒரு கணக்குக் கிடைக்கும். ஒரு செட் 40 ஆயிரம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மலையில் அதற்கும் குறைவு.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியது இடப்பக்கத் தள்ளுகதவு. ஆம்னியின் அந்தக் கதவு ஓடுகிற தண்டவாளத்தில் பெயிண்ட் போய் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. உருளை தேய்ந்து கதவு கடைசி ஒரு சாணில் இறங்கி மோதியது. வலப்பக்கக் கதவோ புதுசு போல ஓடியது. குடும்பத்துக்கு மட்டும் வைத்திருந்த வண்டியில் ஒரே கதவு இப்படித் தேயுமா? பின் கண்ணாடியின் உள்பக்கம் சுரண்டிய ஸ்டிக்கர் தடம், பட்டாம்பூச்சி வடிவம் அப்படியே தெரிந்தது. தரையில் கூடுதல் பெஞ்ச் முடுக்கிய நான்கு போல்ட் ஓட்டை. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டிலேயே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓடிய வண்டி. "சேட்டா, ஸ்கூல் டிரிப்பா?" என்றேன். "அது முந்தின ஓனர்" என்றார். முந்தின ஓனர்தான் இந்த நாட்டில் எல்லாப் பாவத்தையும் சுமக்கிறவர்.

அடுத்து, காகிதம். பதிவு எண்ணை அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ், வண்டிமேல் கடன் பதிவாகியிருக்கிறதா என்பதெல்லாம் வரும், கிலோமீட்டர் வராது. கிலோமீட்டர் இருக்கிற இடம் கம்பெனி சர்வீஸ் சென்டர். ஓனர் கூட வந்து கேட்டால் பழைய ஜாப் கார்டு (வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது எழுதும் அட்டை) விவரம் பெரும்பாலும் கிடைக்கும். சேட்டன் முதலில் தயங்கினார், அப்புறம் வந்தார். கடைசியாக அங்கே விட்டது 2017 ஆகஸ்ட். கிலோமீட்டர் 98,460.

இதோ கணக்கு. 2011 முதல் 2017 வரை ஆறு வருடத்தில் 98 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 16 ஆயிரத்துச் சொச்சம். பள்ளி டிரிப்போடு ஒத்துப் போகிறதா? ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர், 200 பள்ளி நாள், 14 ஆயிரம். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று மேலே இரண்டாயிரம். ஒத்துப் போகிறது. அதே ஓட்டம் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடும்வரை என்றால் 1,40,000 பக்கம். அதற்குப் பிறகு சேட்டன் வீட்டு உபயோகம், வருடத்துக்கு ஐந்தாயிரம். ஆக, இந்த வண்டி ஒன்றரை லட்சத்தைத் தாண்டி, 1,60,000-க்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு லட்சம் எங்கோ காற்றில் கரைந்திருக்கிறது.

என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட மறக்காதீர்கள். வேறு என்ஜின் ஏற்றியிருந்தால் மேலே சொன்ன கணக்கு பாடிக்குத்தான், என்ஜினுக்கு இல்லை. கேஸ் கிட் போட்டுக் கழற்றிய தடம் இருந்தால் வால்வு சீட்டைக் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். கேரள வண்டி என்றால் இன்னொன்று: 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மண் கறையையும் வாடையையும் கழுவுகிறவன் அதுவரை இழுத்திருக்க மாட்டான். சீட் போல்ட்டில் துரு, ஹெட்லைட்டுக்கு உள்ளே மண்கோடு, இவையும் சாட்சி.

டீசல் வேன் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிராவலர், பிக்கப் மாதிரி வண்டிகளில் ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். பேக் கம்ப்ரஷனும் காலைக் குளிரில் எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்பதும்தான் அங்கே பேச்சு. மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீச்சுகிற காமன் ரெயில் வண்டியில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்கலாம் என்று யாராவது வந்தால் கையைத் தட்டிவிடுங்கள். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும்.

முடிவு செய்யக் கம்பத்திலிருந்து எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனை, கம்ப்ரஷன் அளக்கிற கேஜோடு வரச் சொன்னேன். முதலில் பிளக் மூன்றையும் கழற்றி வரிசையாக வைத்தார். இரண்டு பிஸ்கட் நிறம், ஒன்று எண்ணெய் ஈரத்தோடு கறுப்பு. அப்புறம் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னார். 140 பவுண்ட், 138, மூன்றாவது 112. பெட்ரோல் என்ஜினில் 150-க்குப் பக்கம் இருந்தால் சந்தோஷம், 100-க்குக் கீழே போனால் வேலை. ஆனால் எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம், மூன்றும் பத்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அடித்தார். 134-க்கு ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் ரிங் இடைவெளியை அந்த ஆயில் அடைக்கிறது என்று அர்த்தம், குற்றவாளி ரிங். ஏறாமல் அப்படியே நின்றிருந்தால் வால்வு அல்லது கேஸ்கட்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கலாமா என்றால், வாங்கினோம். ஆம்னியை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள், இனி வருவதெல்லாம் ஓடிய வண்டிதான். பாடி துரு இல்லாமல் இருந்தது, கிராங்க் சத்தமில்லை, சூடு ஏறவில்லை. ரிங் வேலைக்கு மெக்கானிக் சொன்ன தொகையையும், தமிழ்நாட்டுக்கு மாற்ற ஆகும் சாலை வரியையும் விலையில் கழித்தோம். கேரளப் பதிவு என்பதால் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கித் தருவதைச் சேட்டன் பொறுப்பில் விட்டு, பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டோம். பதினைந்து வருடப் பதிவு முடியும் தேதியும் நெருங்குகிறது, புதுப்பித்தால் ஐந்து வருடம்தான், அதையும் சொல்லிக் குறைத்தோம். மீட்டரைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜாப் கார்டைப் போனில் திறந்து மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். சேட்டன் அதைப் பார்த்தார், டீ சொன்னார், 18 ஆயிரம் இறங்கினார்.

வாங்கிய அன்றே டிப்ஸ்டிக் மேல்கோடு வரை ஆயில் நிரப்பி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, ஒரு நாற்பது பக்க நோட்டை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். முதல் ஆயிரம் கிலோமீட்டரில் எவ்வளவு ஆயில் ஊற்றினான் என்று அதில் எழுத வேண்டும். 450 மில்லி என்று எழுதியிருக்கிறான். தை பிறந்ததும் மூன்றாம் சிலிண்டரைப் பிரிக்கிறோம்.